அனுப்பி வைப்பதில் ஆட்சேபணை இல்லை

கையெழுத்துப் போட எத்தனை நேரம் ஆகும், பேனா மூடியைக் கழற்றி மாட்டுகிற நேரம், அதற்கு ஒரு மனுஷனை மூன்று தடவை போனில் கூப்பிட்டாயிற்று, மூன்று தடவையும் "கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்" என்கிறார், பின்னால் ஆபீஸ் ஃபேன் கடகடவென்று ஓடுவது எனக்கே கேட்கிறது, கிளம்பினவர் ஃபேனையும் கூடவே எடுத்துக்கொண்டா வருகிறார். எதிரே விசா ஏஜெண்ட் அன்வர்தீன் கம்ப்யூட்டரைப் பார்க்கிற மாதிரி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், "மேடம், சார் வந்துடுவாருல்ல? கூரியர்காரர் வந்தா நிக்க மாட்டார், மாடிப்படியே ஏற மாட்டேம்பார்" என்கிறார், வருவார் பாய் வருவார் என்கிறேன், யாருக்கு உத்தரவாதம் கொடுக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கன்டோன்மென்டில் டிபன் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ், கீழே ரவா தோசைக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் இங்கே வாசம் வருகிறது, சாயங்காலம் ஆகப்போகிறது, காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டது. என் ஃபைல் மேஜைமேல் இருக்கிறது, பச்சை நாடா கட்டி, பி.ஏ., பி.எட்., போலீஸ் சான்றிதழ், ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் உள்ளே, இன்றைக்கு டெல்லிக்குப் போனால் அங்கே தூதரகத்தில் முத்திரை விழும், அப்புறம்தான் மஸ்கட் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை அனுமதிக்கே மனுப் போடுவார்கள், மாதக் கடைசிக்குள் கைக்கு வராவிட்டால் வருத்தத்துடன் அடுத்த ஆளுக்குப் போவோம் என்று பிரின்சிபால் அம்மா அவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறாள், மரியாதையாக எழுதினால் நிஜமாகவே செய்வார்கள் என்று அர்த்தம். ஒன்று மட்டும் பாக்கி. அது என் மடியில் இருக்கிறது. அன்வர்தீன் அடித்துக் கொடுத்த கடிதம், "ஐ ஹேவ் நோ எனி அப்ஜெக்‌ஷன் ஃபார் செண்டிங் மை ஒய்ஃப் டு அப்ராட்" என்று ஆரம்பிக்கிறது, கான்வென்டில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த இம்மெல்டா சிஸ்டர் இதைப் பார்த்திருந்தால் ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் ஒன்று வைத்திருப்பார். நோ எனியை மன்னித்துவிடலாம். செண்டிங்கை என்ன செய்வது. என்னை அனுப்பி வைப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம், பொங்கலுக்கு மகளுக்கு முறுக்கு டின் அனுப்பினோமே அந்த மாதிரி.

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்தால் இந்நேரம் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன், எனக்குச் சண்டை நன்றாக வரும். மின்வாரியத்தில் உதவிச் செயற்பொறியாளர் மோகனரங்கம் என்றால் லைன்மேன்கள்கூட நல்ல மனுஷன் என்பார்கள். வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொன்ன அன்றைக்கு அவர் என்ன சொன்னார், "ம்" என்றார். டி.வி.யில் யாரோ யாரையோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தக் கேள்விக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா தெரியாது. மறுநாள் விசா பற்றிச் சொன்னேன், ம். மெடிக்கலுக்குப் போகவேண்டும், ம். அந்த ம்மை நான் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன், கொய்யாப்பழத்தைப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, சரி என்பதும் அதில் இருந்தது, எப்படியும் நடக்கப்போவதில்லை என்பதும் அதில் இருந்தது. இன்டர்வியூ நடந்ததே அவருக்குத் தெரியாது, பெண் அபிநயாவின் பழைய லேப்டாப்பில், பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் ஐந்து முகம். இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள் பிரின்சிபால், கேட்கவேண்டிய கேள்விதான், கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் கான்வென்டில் வாத்தியார் வேலை, அப்புறம் மேட்டூர், எண்ணூர், தூத்துக்குடி, அவருக்கு மாற்றல் வந்த இடமெல்லாம் சாமானைக் கட்டுவதும் அவிழ்ப்பதும். புகார் எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன். நிஜம். குவார்ட்டர்ஸில் தண்ணீர் வராவிட்டால், கேஸ் சிலிண்டர் எடை குறைந்தால், பஸ் நிற்காமல் போனால், அத்தனை பேரும் "சுகந்தியக்கா, ஒரு லெட்டர்" என்று வருவார்கள், நானும் எழுதுவேன், பதில் வரும், இம்மெல்டா சிஸ்டர் கற்றுக்கொடுத்த இங்கிலீஷுக்குப் பதில் சொல்லாமல் எந்த ஆபீசராலும் இருக்க முடியாது. அந்த ஐந்து பேரும் சிரித்தார்கள், சரி அதையே பாடமாக எடுங்கள் என்றார்கள், எடுத்தேன், எப்படிக் கோபத்தை முதல் வரியில் காட்டாமல் மூன்றாவது வரியில் காட்டுவது என்று, அந்தப் பக்கம் பிரின்சிபால் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டாள். அடுக்களையில் குக்கர் கத்திக்கொண்டே இருந்தது, நான் எழுந்திருக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்தது. அன்றைக்கு ராத்திரி அவர் ரசத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, "கருகின வாசனை" என்றார், நான் "ம்" என்றேன்.

அன்வர்தீன் மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறார். வரட்டும். வராமலும் போகட்டும். இல்லை, வரவேண்டும். இந்தக் கோடையில் நான் ஏறி இறங்காத படி இல்லை, யூனிவர்சிட்டியில் பட்டச் சான்றிதழ் உண்மையானதா என்று சரிபார்க்கக் கொடுத்தால் அந்தப் பெண் நான் பாஸ் பண்ணின வருஷத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், அந்த வருஷத்து ஆட்கள் இன்னும் நடமாடுகிறார்களா என்கிற மாதிரி. ஆமாம்மா, நடமாடுகிறோம், வெளிநாடு வேறு போகிறோம். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வந்த ஏட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்றார். பாஸ்போர்ட்டில் இருப்பது என் போட்டோ, விசாரிக்க வேண்டியது என்னை, நானோ குத்துக்கல்லாட்டம் எதிரில் நிற்கிறேன், "நான் இருக்கேனே போதாதா" என்றேன், "இல்லம்மா, ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு" என்றார். அந்த ஒரு வார்த்தை. எங்கே போனாலும் அந்த ஒரு வார்த்தையை யாராவது இன்னொருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கான்வென்டில் பாத்ரூம் போவதற்கு அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு மரப்பலகை வைத்திருந்தார்கள், கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும், வகுப்புக்கு ஒன்று, அதை மாட்டிக்கொண்டு போனவள் புளியமரத்தடியில் ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றால் மற்றவர்கள் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அபிநயா கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து போனில் கேட்டாள், "அம்மா, அப்பா சைன் பண்ணாட்டி என்ன பண்ணுவே?" பண்ணுவாருடி. "பண்ணாட்டி?" பண்ணுவாரு. "நீ பதிலே சொல்ல மாட்டேங்கறே." போனை வை, கிளாஸுக்குப் போ என்றேன். இருபது வயசுப் பெண்ணுக்கு ஏன் இப்படிச் சரியான கேள்வியாகக் கேட்கத் தெரிகிறது, நான்தான் சொல்லிக்கொடுத்துக் கெடுத்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் ரொம்ப நேரமாக என் மடியில் இருக்கிற காகிதத்தையே பார்க்கிறான், முப்பது வயசிருக்கும், புதுச் சட்டை, காலர் இன்னும் அட்டையாக நிற்கிறது. "டீச்சரா போறீங்களாக்கா?" என்கிறான். ஆமாம், நீங்க? கருப்பையா, விராலிமலைப் பக்கம், தண்ணி லாரி ஓட்டப் போறானாம், அதே மஸ்கட்டுக்கு, ஃபைல் நேற்றே போய்விட்டதாம், பாஸ்போர்ட் நகல் ஒன்று கொடுக்க வந்தானாம். கல்யாணம் ஆகிவிட்டதா என்றால் தை மாசம்தான் ஆச்சு என்று தலையைக் குனிந்துகொள்கிறான். எனக்கு நாக்கு சும்மா இருக்காது, அது எப்போதும் அப்படித்தான். "வீட்டுல சொல்லிட்டீங்களா?" "சொல்லிட்டேன்க்கா. அழுதா." "அழுதது இருக்கட்டும், எழுதிக் குடுத்தாளா?" "என்னத்தையக்கா?" "புருஷனை அனுப்பி வைக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு." சிரித்தான், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். "அவகிட்ட பேப்பரைக் குடுத்தா ஆட்சேபணையைத்தான்க்கா எழுதுவா, ரெண்டு பக்கத்துக்கு." நானும் சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது, பல்லில் கல் கடிபட்ட மாதிரி. நேற்றே போய்விட்டது அவன் ஃபைல். தை மாதம் கல்யாணமானவன், ஒருத்தியை அழவிட்டு வந்திருக்கிறான், அவனுக்கு இந்தக் காகிதம் வேண்டாம். "பாய்," என்றேன், "இந்த லெட்டரை மஸ்கட்டில எங்கே கேட்டிருக்காங்க, காட்டுங்க." அன்வர்தீன் என் பக்கம் திரும்பாமல், "அது வழக்கம்தான் மேடம், லேடீஸ்னா வாங்கறது" என்றார். "வழக்கம் இருக்கட்டும், எங்கே கேட்டிருக்குன்னு கேக்கறேன். பள்ளிக்கூடம் அனுப்பின பட்டியல் என்கிட்டயும் இருக்கு, நானும் இங்கிலீஷ் படிச்சவதான்." மனுஷன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். குரலை இறக்கினார். "அவங்க கேக்கலை மேடம். எம்பசியும் கேக்கலை. இது நம்ம ஆபீஸுக்கு." உங்க ஆபீஸுக்கா? "போன வருஷம் ஒரு பியூட்டிஷியன் அம்மா, வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம ஏறிப் போயிடுச்சு. அந்தாளு குடிச்சிட்டு வந்து, என் பொண்டாட்டியை வித்துட்டியாடான்னு செங்கல்லால அடிச்சான். இந்தக் கண்ணாடிக் கதவு புதுசு மேடம், பாருங்க, பழசுல ஸ்டிக்கர் இருந்துச்சு." கருப்பையா திரும்பி அந்தக் கதவைப் பார்த்தான், நானும் பார்த்தேன்.

ஆக, இது இதற்குத்தான். மோகனரங்கம் கையெழுத்துப் போட்டால் அன்வர்தீனின் கண்ணாடி உடையாது. எனக்குக் கோபம் வரவேண்டும், வந்தது, ஆனால் கோபத்துக்குக் கீழே வேறு ஏதோ அசைந்தது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது அடியில் கைக்கு என்னவோ தட்டுப்படுமே, அது என்னவென்று பார்க்காமல் கையை எடுத்துக்கொள்ளத் தோன்றும். எடுக்காதே, பார். தேவையில்லாத காகிதம் என்றால் கிழித்துப்போட்டுவிட்டு எழுந்திருக்கலாமே, ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். அவர் வந்து போட்டுவிட்டால் சுலபம், அதனால். யாருக்குச் சுலபம். அவர் போட்டுவிட்டார் என்றால் நாளைக்கு அங்கே அந்தப் பிள்ளைகள் என்னை ஏறிட்டுப் பார்த்து, நான் பேச்சு வராமல் கரும்பலகை முன்னால் நின்று, கையில் சாக்பீஸ் வியர்த்து, இல்லை இப்போதெல்லாம் சாக்பீஸ் கிடையாது, திரையைத் தொடவேண்டுமாம், எனக்குத் திரையைத் தொடத் தெரியாது, அப்போது நான் சொல்லலாம், இவர்தான் அனுப்பினார் என்று. அவர் போடவில்லை என்றால் இன்னும் சுலபம். போடவில்லை என்றால் நான் வீட்டுக்குப் போய் தோசை மாவைக் கரைத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம், சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டலாம், மஸ்கட் வேலை, வாசல் வரைக்கும் வந்தது, இந்த மனுஷன் ஒரு கையெழுத்துப் போடலை. எத்தனை பேர் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், குவார்ட்டர்ஸில் வரிசையாக, நான் பாடியிருப்பேன், நான் டாக்டராகியிருப்பேன், அவர் விடலை, அவங்கப்பா விடலை, சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும், அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இப்போது அந்த நிம்மதிதான் என் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு மாடிப்படியில் யாரும் வராமல் இருக்கவேண்டுமே என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. சீ. மூன்று தடவை போன் பண்ணினேனே, மூன்று தடவையும் அவர் எடுக்காமல் இருக்கட்டும் என்றுதான் பண்ணினேனா. எனக்குப் பயம், அவ்வளவுதான், நாற்பத்தாறு வயசுப் பயம், ஒற்றைக் கட்டில் போட்ட ஒரு அறை, ஜன்னலைத் திறந்தால் மணல் நிறத்தில் சுவர், ராத்திரி எட்டு மணிக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்க ஆளில்லாத அடுக்களை, திட்டக்கூட ஆளில்லை, திட்ட ஆளில்லாவிட்டால் நான் யார். பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன். என் பயத்துக்கு இன்னொருத்தர் கையெழுத்து எதற்கு.

படியில் செருப்புச் சத்தம். அவர்தான், ஒரு படி விட்டு ஒரு படி நிற்பார், முழங்கால் வலி. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார், ஹெல்மெட் அழுத்தின முடி நெற்றியில் ஒட்டியிருக்கிறது, சட்டைப் பையில் இரண்டு பேனா, வழக்கமாக ஒன்றுதான் இருக்கும். "கறுப்பு இங்க்தான் செல்லும்னு வழியில வாங்கிட்டு வந்தேன், அதான் லேட்டு" என்கிறார், இந்த மனுஷனை என்ன செய்வது. உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, காகிதத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு படிக்கிறார், ஆபீஸ் கோப்பைப் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. அன்வர்தீன் இடம் காட்டுகிறார், "இங்க சார், இந்தக் கோட்டுக்கு மேல." பேனாவைத் திறந்தார். நிறுத்தினார்.

"ரெண்டு வருஷம்னு போட்டிருக்கே?"

"காண்ட்ராக்ட் ரெண்டு வருஷம்தான் சார்."

"அது அவங்க காண்ட்ராக்ட். லெட்டர் என்னோடதுதானே. ஒரு வருஷம்னு திருத்திடறேன், அப்புறம் வேணா நீட்டிச்சுக்கலாம். என்ன சுகந்தி?"

மோசமாகச் சொல்லவில்லை. மேட்டூரில் வீட்டுக்காரனிடம் வாடகையைக் குறைத்துக் கேட்டாரே, அதே குரல், அவருக்கு இது பேரம்கூட இல்லை, நிர்வாகம். பேனா முனை இரண்டு என்கிற எழுத்துக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் காகிதத்தை இழுத்தேன், மெதுவாகத்தான் இழுத்தேன், ஆனால் கறுப்பு மையில் ஒரு கோடு நீளமாக விழுந்துவிட்டது.

"பேனாவை மூடுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"இது வேண்டாம். மஸ்கட்டில யாரும் கேக்கலை. பாய், ஃபைலை இப்படியே அனுப்புங்க."

"மேடம், எனக்கு ஏதாவது ஒண்ணு வேணுமே மேடம். நாளைக்கு யாராவது வந்து..."

"யாரு வருவா, இவரா? இவர் கொசுவை அடிச்சாலே கையைக் கழுவறவர்." சொல்லிவிட்டு அதே தாளைத் திருப்பிப்போட்டு, அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, கான்வென்ட் எழுத்தில், ஒன்றோடொன்று கோத்த எழுத்தில், இங்கிலீஷில் இரண்டே வரி எழுதினேன். நான் என் விருப்பத்தில் போகிறேன், என்னை யாரும் அனுப்பவில்லை. என் பொருட்டு இந்த ஆபீஸுக்கு எந்தச் சேதம் வந்தாலும் நானே பொறுப்பு. கீழே முழுப் பெயர், தேதி. அன்வர்தீன் வாங்கிப் படித்தார், இன்னொரு தடவை படித்தார், அப்புறம் தலையைத் தூக்கி, நான் எதிர்பார்த்ததுதான், என்னைத் தாண்டி அவரைப் பார்த்தார். "சார்?"

அவர் முகம் சிவந்திருந்தது. கருப்பையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வருஷத்தில் நாலு பேர் எதிரில் அவர் பேச்சை நான் வெட்டினதில்லை, வீட்டுக்குள் வெட்டியிருக்கிறேன், அது வேறு. இதோ இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், யோசிச்சுச் சொல்றோம் என்று எழுந்தால் போதும், கூரியர் போய்விடும், அன்வர்தீன் அவர் பேச்சைத்தான் கேட்பார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், கெஞ்சவில்லை, கெஞ்சக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைத் தேடினார், பேனா என் கையில் இருந்தது.

"என்னை ஏன்யா பாக்கறே?" என்றார் கடுப்பாக. "அவதான போறா."

கோபத்தில்தான் சொன்னார். அது எனக்குத் தெரியும், அன்வர்தீனுக்கும் தெரியும். ஆனால் சொன்னதில் ஒரு எழுத்துத் திருத்த வேண்டியதில்லை. அன்வர்தீன் என் இரண்டு வரியைத் தன் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டு, ஃபைலைப் பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளி ஒட்டினார். கீழே ஹாரன் அடித்தது, கருப்பையா, "குடுங்க பாய், நான் இறங்கறேன்ல" என்று அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் ஓடினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கூரியர்காரர் வாங்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திரும்பினார், ஒரு பஸ் குறுக்கே வந்தது, அதற்கப்புறம் தெரியவில்லை.

படியில் அவர் முன்னால் இறங்கினார். ஒரு படி, நிற்பது, ஒரு படி. நானும் நின்று நின்றுதான் இறங்கினேன். வண்டிக்குப் பக்கத்தில் வந்து ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, டிபன் கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே, "பயமா இல்லையா உனக்கு?" என்றார்.

"இருக்கு."

"எனக்கும்தான்" என்றார், அப்புறம், அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்கிற மாதிரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார், உள்ளேயிருந்து குரல் அமுங்கிக் கேட்டது. "அங்க தண்ணி எப்படி, உப்புத் தண்ணியா? உனக்கு உப்புத் தண்ணி ஒத்துக்காதே, தூத்துக்குடியில முடியெல்லாம் கொட்டிச்சே."

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், ஃபைலைக் கொண்டுவந்த பையை மடியில் வைத்துக்கொண்டேன், அதில் இப்போது கனமே இல்லை.

"தெரியலை," என்றேன், "போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன். வண்டியை எடுங்க."